வீரச் சுளுக்கு

அந்த ராக் கச்சேரிக்குப் போவதில்லை என்று பல்செட்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு செய்தார். முடிவு செய்தார் என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. செய்தித்தாளை மடித்து மேஜைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தார். பிறகு எழுந்து நின்று, சபைக்கு அறிவிப்பதுபோல அறிவித்தார். சபையில் இருந்தது அவருடைய மனைவி மட்டும்தான். அவள் துவைக்கும் இயந்திரத்துக்குள் தலையை விட்டு ஒரு ஒற்றைக் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அவங்க வரட்டும், பாடட்டும், போகட்டும். நான் வர்றதா இல்ல."

"உங்களை யாரு கூப்பிட்டா?" என்று இயந்திரத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் தலையை வெளியே எடுத்து, காலுறையை உதறி, கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன் என்றாள். ஆகவே போர் மூண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாலு பேர் கொண்ட குழு. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவர்கள் தலைமுடியை உதறினால் ஊரே தலைமுடியை உதறியது. பல்செட்காரரும் உதறினார், அப்போது அவருக்கு உதற இருந்தது. ஒரு கேசட் கடையில் மிச்சமிருந்த ஒரே கேசட்டுக்கு அவரும் ஒரு பெண்ணும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். கேசட்டை இரண்டாக வெட்ட முடியாத காரணத்தால் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

இப்போது பாடகருக்கு எழுபத்து நாலு. கிடார்காரருக்கு இடுப்பு எலும்பை மாற்றியாகிவிட்டது. டிரம்ஸ் வாசித்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார்; அந்த இடத்தில் அவருடைய மருமகன் உட்காருகிறார். இதுவே கடைசிச் சுற்றுப்பயணம் என்று விளம்பரம் சொன்னது. இதற்கு முன்னால் இரண்டு கடைசிகள் நடந்திருந்தன.

பல்செட்காரர் தொழில் ரீதியாகத் தாக்குதலைத் தொடங்கினார். ஊரில் பாதிப் பேருடைய வாய் அவர் பட்டறையில் பிளாஸ்டர் அச்சாக அலமாரியில் இருந்தது. கைபேசியில் பாடகரின் புதிய படத்தைப் பெரிதாக்கி மனைவியிடம் நீட்டினார். மேல் வரிசை மொத்தமும் கட்டுப்பல் என்றார். அந்தப் பல்லை வைத்துக்கொண்டு உச்சியில் பாடினால் பல் முதல் வரிசைக்கு வந்துவிழும் என்று எச்சரித்தார்.

"கட்டுப்பல் போட்டா இருபது வயசு குறைஞ்சிடும்னு கடைக்கு வர்றவங்ககிட்ட நீங்கதானே சொல்றீங்க?"

"அது வியாபாரம்."

"அப்ப அந்த மனுஷனுக்கு இப்ப அம்பத்து நாலுதான் ஆகுது."

மறுநாள் சுருதியைப் பிடித்தார். எல்லாப் பாட்டையும் இரண்டு கட்டை இறக்கித்தான் பாடுகிறார்களாம், இது ஏமாற்று வேலை என்றார். நீங்கள் குளிக்கும்போது பாடுவதும் இறங்கித்தான் போயிருக்கிறது என்று மனைவி ஆரம்பித்ததும், பேச்சு போகிற திசை பிடிக்காமல், அவசரமாகக் கொள்கைக்குத் தாவினார்.

"மனசுல அவங்க எப்படி இருக்காங்களோ, அப்படியே இருக்கட்டுமே. இப்பப் போய்ப் பாத்து அதைக் கெடுத்துக்கணுமா?"

"அப்படிப் பாத்தா கல்யாணத்துக்கு மறுநாளே உங்களைப் பாக்கறதை நான் நிறுத்தியிருக்கணும்."

கொள்கை அதோடு முடிந்தது.

உண்மையான காரணம் கட்டுப்பல்லும் இல்லை, சுருதியும் இல்லை. வாசகர்களிடம் மறைப்பானேன்? பல்செட்காரருக்கு வயதாகிவிட்டது. அறுபதைத் தாண்டிய பிறகு ராத்திரி ஒன்பது மணிக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் நின்றால் இடுப்பு முறையிட்டது. ஒரு மணிக்கொரு தரம் எழுந்து போக வேண்டியிருந்தது. கச்சேரியோ மூன்று மணி நேரம், அதுவும் மைதானத்தில் நின்றுகொண்டு. இதெல்லாம் ஊருக்குத் தெரிந்தால் அவருக்குக் கவலையில்லை. மனைவிக்குத் தெரியக் கூடாது. அவளுக்கு அவரைவிட ஆறு வயது குறைவு; இன்னும் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுகிறவள். கிழவன் ஒருவனோடு குடித்தனம் நடத்துகிறோம் என்று அவளுக்குத் தோன்றிவிடுமோ என்ற பயம் அவருக்கு உள்ளூர இருந்தது. சொல்லப்போனால் அந்தப் பயம் ஒன்றுதான் அவருக்கு இருந்த ஒரே வியாதி.

அதனால் டிவி முன்னால் தூங்கிப்போனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன் என்பார். ராத்திரி எழுந்து போனால் தண்ணீர் குடிக்கப் போனேன் என்பார். செருப்பு மாட்ட நேரமானால் வார் சரியில்லை என்று செருப்புக் கடைக்காரனைத் திட்டுவார். இத்தனை நாளும் ரகசியம் கட்டிக் காப்பாற்றப்பட்டு வந்தது.

அடுத்ததாக சாட்சி ஒருவரைக் கொண்டுவந்தார். மாடிவீட்டு லிப்ட் மெக்கானிக்கும் பழைய ரசிகர். அவர் பக்கத்து ஊரில் நடந்த கச்சேரிக்குப் போய் வந்திருந்தார். படிக்கட்டில் மடக்கி, மனைவி முன்னால் வந்து மோசம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பல்செட்காரர் கேட்டுக்கொண்டார். நல்லாத்தானே இருந்தது என்று மெக்கானிக் இழுத்தார். அவருடைய கடைவாய்ப் பல் இரண்டும் பல்செட்காரர் இனாமாகப் போட்டுக் கொடுத்தவை என்பது நினைவுபடுத்தப்பட்டது. மெக்கானிக் ஒப்புக்கொண்டார்.

டீயை வாங்கிக்கொண்டு நாற்காலியில் அமர்ந்த மெக்கானிக், சொல்லிக்கொடுத்தபடியே மோசம் என்றார். குரல் போச்சு என்றார். காசைக் கரியாக்க வேண்டாம் என்றார். பல்செட்காரர் பெருமூச்சு விட்டார், பாவம் கலைஞர்கள் என்பதுபோல.

"அப்படியா? கடைசியில எந்தப் பாட்டு பாடினாங்க?" என்று மனைவி சாதாரணமாகக் கேட்டாள்.

மெக்கானிக் பாட்டின் பெயரைச் சொன்னார். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். விளக்கெல்லாம் அணைந்தது என்றார். பாடகர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து மெல்ல ஆரம்பித்தார் என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மன்னிச்சுக்குங்க அண்ணே, எனக்குப் பொய் வராது என்று மாடிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மனைவி கச்சேரிப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. ஜெயித்துவிட்டோம் என்று பல்செட்காரர் நினைத்தார். பட்டறையில் மெழுகை உருக்கும்போது பழைய பாட்டைக்கூட முணுமுணுத்தார். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய பிறகும் மனைவி மௌனமாக இருப்பதை வெற்றி என்று எண்ணுகிற ஆண்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

"வர்ற சனிக்கிழமை பட்டறையைச் சீக்கிரம் பூட்டிடுங்க. கச்சேரி இருக்கு. டிக்கெட் வாங்கியாச்சு" என்று ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

பல்செட்காரர் அவசரமாகக் கணக்குப் போட்டார். இனி உடம்புக்கு ஏதாவது வந்தால்தான் உண்டு. ஆனால் என்ன வரலாம்? இடுப்பு வலி, மூட்டு வலி, தலைசுற்றல் எல்லாம் கிழவர்களுக்கு வருவது. அதையெல்லாம் ஒதுக்கினார். வாலிபர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் வருகிற ஒன்றாக இருக்க வேண்டும். யோசித்து யோசித்துக் கணுக்கால் சுளுக்கைத் தேர்ந்தெடுத்தார். அன்று மாலை நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தார். பட்டறை வாசலில் மூன்று படியை ஒரே தாவாகத் தாண்டியதில் கால் பிசகிவிட்டது என்றார். எதற்காகத் தாண்டினீர்கள் என்று அவள் கேட்டதற்கு, உற்சாகம் என்றார்.

இங்கே ஒரு விஷயத்தை அவர் யோசிக்காமல் விட்டுவிட்டார். அவருடைய மனைவி ஒரு பிசியோதெரபி கிளினிக்கின் வரவேற்பு மேஜையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவள். வாசலில் நுழைகிறவர் நடக்கிற நடையைப் பார்த்தே எந்த அறைக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லக்கூடியவள். அவரை உட்காரவைத்துக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் விரல் படுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவர் ஐயோ என்றார். அவள் காலையும் பார்த்தாள், அவர் முகத்தையும் பார்த்தாள்.

"நல்ல சுளுக்குதான்," என்றாள். "நடக்கக் கூடாது. பத்து நாளாவது ஆகும்."

உள்ளுக்குள் அவர் பூரித்துப் போனார். வெளியே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நீ மட்டுமாவது போய் வா, எனக்காகவும் சேர்த்துக் கேட்டுவிட்டு வா என்று தழதழத்தார். துணைக்கு மெக்கானிக்கைக் கூட்டிப் போகச் சொன்னார். இவ்வளவு பெரிய மனதை நினைத்து அவருக்கே கொஞ்சம் கண் கலங்கியது. அவள் பட்டையான துணியால் வலது கணுக்காலை இறுக்கிக் கட்டி, பார்க்கலாம் என்றாள்.

சனிக்கிழமை மாலை அவர் தலையணையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒன்பது மணிக்குத் தூங்கலாம் என்ற நிம்மதியில் இருந்தார். வாசலில் கடகடவென்று சத்தம் கேட்டது. மனைவி கிளினிக்கிலிருந்து ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் மெக்கானிக் கார் சாவியோடு நின்றார். பல்செட்காரரின் கண்ணைப் பார்ப்பதைத் தவிர்த்தார்.

"நடக்கத்தானே முடியாது? உக்கார முடியும்ல?"

உட்கார முடியாத சுளுக்கு என்று ஒன்றை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மெக்கானிக் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். மனைவி மட்டும் நாற்காலியை வேறொரு வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போனாள். காவலர் கயிற்றை விலக்கிவிட்டார். சாய்வான பாதை ஏறினால், நிற்க முடியாதவர்களுக்கென்று ஒரு சிறிய மேடை. அங்கிருந்து பாடகர் மேல் வேண்டுமானால் தண்ணீர் தெளிக்கலாம், அவ்வளவு பக்கம். பத்துப் பதினைந்து பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். தோல் ஜாக்கெட் போட்ட ஒரு அம்மாள் கைத்தடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருவர் காது கேட்கும் கருவியைக் கழற்றி, இன்றைக்கு இது தேவைப்படாது என்று சட்டைப் பையில் போட்டார். மனைவிக்கு ஒரு மடக்கு நாற்காலி கிடைத்தது. சுளுக்கின் மகிமையை எண்ணி பல்செட்காரர் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

விளக்குகள் எரிந்தன. நாலு பேரும் வந்தார்கள். ஓடி வரவில்லை, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வந்தார்கள். முதல் பாட்டில் குரல் கரகரத்தது. இரண்டாவது பாட்டில் பாடகருக்கு ஒரு வரி மறந்துபோனது. அவர் சிரித்துக்கொண்டே மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். கூட்டம் அந்த வரியைப் பாடிக் கொடுத்தது. மேல் வரிசை கட்டுப்பல்தான், பல்செட்காரர் சொன்னது சரிதான். அருமையான வேலை என்று அவரே மனதுக்குள் ஒப்புக்கொண்டார். அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை. மூச்சு வாங்கியபோது ஸ்டூலில் உட்கார்ந்தார், எழ வேண்டியபோது கிடார்காரரிடம் கையை நீட்டினார். அதைப் பார்த்துக்கொண்டே பல்செட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரணம் துக்கமா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை. மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தப் பாட்டு ஆரம்பித்தது. அந்தக் கேசட்டின் முதல் பாட்டு. மருமகன் டிரம்ஸில் முதல் அடியைப் போட்டதும் பல்செட்காரர் எழுந்தார். எழுந்தார் என்பதும் சும்மா சொல்வதுதான். குதித்தார். இரண்டு கையையும் தூக்கினார், இல்லாத முடியை உதறினார், கட்டுப் போட்ட காலால் தாளம் போட்டார். பாட்டு முழுவதும் அவருக்கு வயது இருபத்தைந்து. பாட்டு முடிந்ததும் அறுபதும் மொத்தமாகத் திரும்பி வந்து இடுப்பில் இறங்கியது. உட்காரலாம் என்று திரும்பினார்.

சக்கர நாற்காலியில் மனைவி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடக்கு நாற்காலியைக் கைத்தடி அம்மாளின் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திரு. எனக்குக் கால் வலிக்குது."

"எந்தக் கால்?"

அவர் குனிந்து, கட்டு எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வலது கால் என்றார்.

"இப்பத்தான் அதுல ஒரு பாட்டு முழுக்க குதிச்சீங்க. சரியாயிடுச்சு. நாள் பூரா கிளினிக்ல இருந்துட்டு வந்திருக்கேன், நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

கையும் களவுமாகப் பிடிபட்டவர் அசடு வழிய நின்றார். ஆனாலும் மனிதருக்கு ஒரு கடைசித் துரும்பு கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

"என் கால் சுளுக்கினதாலதானே நமக்கு இந்த இடம் கெடைச்சுது? அந்த நன்றியாவது இருக்கட்டும்."

"டிக்கெட் வாங்கினது நீங்க சுளுக்கிக்கறதுக்கு முன்னாடி."

"அப்ப என்ன சொல்லி இந்த இடத்தை வாங்கின?"

அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடுத்த பாட்டுக்காகக் கைதட்டிக்கொண்டே சொன்னாள்.

"வீட்டுக்காரருக்கு வயசாயிடுச்சு, ரொம்ப நேரம் நிக்க மாட்டாரு, அப்பப்ப எழுந்து போவாரு, பாத்ரூம் பக்கத்துலயே வேணும்னு சொன்னேன். பின்னாடி அந்த நீலக் கதவுதான், போயிட்டு வாங்க."