விதை எடுத்த நிலாக் கேக்

எனக்குப் புத்தி மட்டு. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி மெய்லின் சொல்லுவாள், உதாரணங்களோடு.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகவில்லை. லா சப்பல் என்ற பிரெஞ்சு நகர்ப்பகுதியில் ஒரு ரெஸ்டோரண்டில் எனக்குக் குசினி வேலை. நாள் முழுக்க ஒலிவ் காய்க்கு விதை எடுப்பேன். இலையுதிர்கால முழுநிலவுக்குச் சீனக் குடும்பங்கள் கூடிக் கேக் சாப்பிடும் நாளில், பெண் கேட்டு அவள் வீட்டுக்குப் போனேன். பெரியவர் ஒருவர் வேண்டுமே என்று அறைத்தோழர் செல்வண்ணையும் வந்தார்.

ஐந்தாம் மாடிப் பால்கனி. கீழே தண்டவாளங்கள் வெள்ளிக் கம்பியாய் மினுங்கின. கூரைகளுக்கு மேலே நிலா, பாலப்பம்போல. மல்லிகைத் தேநீர் மணம். எல்லோரும் நிலாவையே பார்த்திருந்தார்கள். நானும் அப்படியே கரைந்துபோயிருப்பேன், செல்வண்ணை விலாவில் இடித்திராவிட்டால்.

"மாப்பிள்ளை எண்டால் சும்மா குந்தியிருக்கிறதே? போய்க் கேக்கை வெட்டு."

அவரோடு குசினிக்குள் போய் வெட்டினால், ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சளாய் ஓர் உருண்டை.

"அண்ணை, உள்ளுக்கு விதை கிடக்கு."

"எடுத்தெறி. கிழவன்ர பல்லு உடைஞ்சால் பொம்பிளை தரமாட்டான்."

(தொட்டால் மெத்தென்றுதான் இருந்தது. சீன விதை அப்படித்தானாக்கும் என்று நினைத்தேன்.) ஒன்றுவிடாமல் தோண்டி, தேயிலைச் சக்கையோடு குப்பையில் போட்டேன்.

மெய்லினின் அப்பா ஒரு துண்டைக் கடித்தார். நிறுத்தினார். கேக்கின் நடுவிலிருந்த ஓட்டை வழியே என்னைப் பார்த்தார்.

"நடுவில் இருந்த முட்டைக்கரு?" என்றார் பிரெஞ்சில். 

"எல்லாம் துப்புரவாக்கிவிட்டேன், மிஸ்யூ."

மெய்லின் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் ஒரு மாதமாக உப்புநீரில் ஊறவைத்த வாத்து முட்டைகளாம். கேக்குக்குள் அதுதான் நிலாவாம். செல்வண்ணை என்னை அறியாதவர்போல வானத்தைப் பார்த்தார்.

அப்பா எழுந்து போய்க் குப்பைவாளியை வெகுநேரம் குனிந்து பார்த்தார். தோள்கள் குலுங்கின. கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்தபடி வந்து மகளிடம் சீன மொழியில் ஏதோ சொன்னார்.

"கட்டிக்கொள்ளலாமாம்," என்றாள் அவள். "ஆனால் உன்னைக் குசினிக்குள் விடக்கூடாதாம்."

இப்போதும் வருடாவருடம் அங்கேதான் கூடுகிறோம். என் மகள் இந்தக் கதையைப் பிரெஞ்சில் நடித்துக் காட்டுவாள் (தோண்டும் சத்தம் உட்பட). உப்புக்கரு நாக்கில் கரையக் கரைய, நிலா மெல்ல ஏறும். போனமுறை மாமனாரிடம் பணிவாகக் கேட்டேன்: "இம்முறை நான் வெட்டட்டுமா, மாமா?"

"நீ நிலாவைப் பார்."