சங்கண்ணேயும் பேர் தெரியாத ஒரு போயாவும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றைக்கும் எனக்கு ஒரு குத்துமதிப்புத்தான். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவும் வராது, அதனால்தான் எழுதுகிறேன். அச்சுப் போடுகிறவர்கள் பிழையைத் திருத்திக்கொள்ளவும்.

றக்வானைப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில் பல வருஷமாக ஒரு வீட்டிலும் கலண்டர் வாங்கியது கிடையாது. எங்களுக்குச் சங்கண்ணே இருந்தார்.

தேயிலை ஃபெக்டரியில் சங்கு ஊதுவது அவர் வேலை. காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூப்பிட ஒன்று, பகல் சாப்பாட்டுக்கு ஒன்று, வேலை விட ஒன்று. சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் கூரைமேல் இருக்கும் சங்கு மலை முழுக்கக் கேட்கும். அவருடைய சொந்தப் பெயர் வேலையாட்கள் பதிவான செக்றோலில் மட்டும்தான் இருந்தது. நான் அதே ஃபெக்டரியில் அடுப்புக்கு விறகு போடுகிறவன். எனக்கே அந்தப் பெயர் தெரியாது.

அவருக்குக் கிறுக்குப் பிடித்தது ஒரு கருவாட்டால். கீழ்க்கிராமத்து குணபால அவருடைய சிங்களச் சிநேகிதர். ஒரு நாள் சங்கண்ணே ஆசையாகக் கருவாடு பொரித்து, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனார். வீட்டில் இல்லை, புத்தர் கோயில் பன்சலவில் என்றார்கள். அங்கே போனால் குணபால வெள்ளை உடுத்தி, சில் என்ற விரதம் எடுத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். சங்கண்ணே அவர் மூக்குக்குக் கீழே சட்டியைத் திறந்துவிட்டார்.

"அனே மல்லி! அத போயனே!" என்று, ஐயோ தம்பி, இன்றைக்குப் போயா அல்லவா என்று, சிங்களத்தில் அலறினாராம் குணபால. பௌத்தர்களுக்குப் பௌர்ணமிதான் போயா. அந்த நல்ல நாளில், அதுவும் சில் எடுத்தவர் முன்னால், கருவாடு! பன்சல முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதே மாதத்தில் பஜாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா நோன்பிருப்பது தெரியாமல் "புடிங்க நானா" என்று பீடியை நீட்டினார். நானா சிரித்தார். அந்தச் சிரிப்புத்தான் இவருக்குத் தாங்கவில்லை.

"பக்கத்துல இருக்கிறவனுக்கு நல்ல நாள்னு தெரியாம நாம கருவாடு பொரிச்சுக்கிட்டு இருந்தா அது என்னா பொழப்பு தம்பி?" என்றார் என்னிடம். "இனிமே ஒருத்தனும் தெரியாதுன்னு சொல்லக் கூடாது. நான் ஊதப் போறேன்."

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் பொழுது இறங்குகிற நேரம், அடித்தது சங்கு. நேரங்கெட்ட நேரத்துச் சங்கென்றால் ஃபெக்டரியில் நெருப்பு என்று அர்த்தம். லயத்து வரிசை வீடுகளிலிருந்தெல்லாம் ஜனங்கள் வாளியோடு ஓடிவந்தார்கள். ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடிவந்தார்.

"டேய்! எங்கடா நெருப்பு?"

"நெருப்பு இல்லீங்க ஐயா. நானா நோன்பு தொறக்கிறாரு."

டீமேக்கர் ஐயாவின் வாய் திறந்தது, மூடவில்லை. நுரைதான் உள்ளே போயிற்று. அவர் திட்ட ஆரம்பிப்பதற்குள் நானா பஜாரிலிருந்து ஒரு பானை நோன்புக் கஞ்சியோடு மேலே ஏறி வந்துவிட்டார். "எனக்காகவா ஊதினீங்க, எனக்காகவா?" என்று கேட்டுக் கேட்டுக் கண்ணைத் துடைத்தார். டீமேக்கர் ஐயா இரண்டு கோப்பை குடித்துவிட்டு, இதுதான் கடைசி என்று எச்சரித்தார்.

கடைசியாவது! புத்தர் பிறந்த வெசாக்குக்கு அந்தச் சங்கு யானை தூங்கி எழுந்த மாதிரி நீளமாக, சாவகாசமாக ஊதியது. ஃபெக்டரியில் யார் செத்தது என்று விசாரிக்க பன்சலவிலிருந்து ஆள் வந்தது. யேசு பிறந்த நத்தாருக்கு விடிகாலையில் கோயில் மணி மாதிரி டாண் டாண் என்று விட்டு விட்டு ஊதினார். தீபாவளிக்குச் சரவெடி. பொங்கலுக்குக் கீழ்ஸ்தாயியில் தொடங்கி, ஏறி ஏறி, பொங்கி வழிந்தது. முதலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள், இரண்டு வருஷத்தில் அடுப்படியில் இருந்தபடியே காதால் நாள் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

"ஏங்க, இது சிவராத்திரியா, ஹஜ்ஜுப் பெருநாளா?" என்பாள் என் பெண்சாதி.

"இழுக்கிறாருல்ல, சிவராத்திரி" என்பேன்.

அவர் தலையில் இடி விழுந்தது பெரிய வெள்ளியில். அன்றைக்கு எங்களுக்குப் பெரட்டு இருந்தது. சங்கண்ணே பொத்தானைத் தொடவே இல்லை. தோட்டமே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியது. வெயில் ஏறியபிறகு தோட்டத்து மேனேஜர் பெரிய துரை ஜீப்பில் வந்து பார்த்தால் பெரட்டுக் களத்தில் ஒரு நாய் மட்டும் நிற்கிறது.

"ஏன்டா சங்கு ஊதல?"

"இன்னைக்கு மாதா கோயில்லயே மணி அடிக்க மாட்டாங்க தொர. நான் எப்பிடிங்க ஊதுறது?"

துரைக்கு முகம் தேயிலைச் சாயமாகிவிட்டது. அங்கேயே உத்தரவு போட்டார். இனிமேல் வேலைச் சங்கு தவிர எது ஊதினாலும் அது ஆபத்து. அதைக் கேட்டால் லயத்தில் ஒரு குஞ்சுகுருமான் மிஞ்சக்கூடாது, எல்லோரும் பெரட்டுக் களத்துக்கு வந்துவிட வேண்டும். "ஆபத்தில்லாம ஒரு தடவ ஊதினே, வேலயும் இல்ல, காம்பராவும் இல்ல!"

சங்கண்ணே வெலவெலத்துப் போனார். மகள் தலைப்பிரசவத்துக்கு அந்த லயத்து ஒற்றையறைக் காம்பராவுக்குத்தான் வந்திருந்தாள், ஏழாம் மாதம். வேலை போனால் அவளை எந்தக் கூரைக்குக் கீழே படுக்க வைப்பார்?

ஆகவே அடங்கினார். அந்த வருஷம் வெசாக் சத்தமில்லாமல் வந்து போயிற்று. ஃபெக்டரிக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"என்னாண்ணே இது?"

"கையி தானா எந்திரிச்சுப் போவுது தம்பி. அதான் புடிச்சு வச்சிருக்கேன்."

பிறகு மழை பிடித்தது. ஒரு வாரமாகக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகவில்லை, ஃபெக்டரி ஓடவில்லை, எந்தச் சங்கும் இல்லை. லயத்துக்குள் அடைந்து கிடந்ததில் என்ன கிழமை என்பதே மறந்துபோயிற்று. அப்படி ஒரு சாயங்காலம், கொட்டுகிற மழையில், அடித்தது சங்கு.

நீளமாக இழுத்தது. வெசாக் மாதிரி இருந்தது, ஆனால் வெசாக் முடிந்து நாலு வாரமாகிவிட்டது.

"வெசாக்குக்கு அடுத்து வர்ற பொசொன் போயாவா?" என்றாள் பெண்சாதி.

"அது அடுத்த மாசம்ல?"

"நோன்பு?"

"அதுக்கு எவ்வளவோ நாள் கெடக்கு."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பண்டிகை எதுவும் மிச்சமில்லை. அவள் மெதுவாகக் கேட்டாள்: "ஏங்க... நீங்க ஃபெக்டரி அடுப்ப அன்னைக்கு ஒழுங்கா அணைச்சீங்களா?"

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எல்லா லயமும் ஓடியது. வெறுமனே ஒரு பண்டிகைக்காகச் சங்கண்ணே காம்பராவைப் பணயம் வைக்க மாட்டார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. நிறைமாதமாக இருந்த அவருடைய மகளை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். பெரட்டுக் களத்தில் நனைந்த கோழிகளாய் நின்றோம். ஃபெக்டரியில் புகையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. துரையின் ஜீப் வந்து நின்றது.

"என்னா ஆபத்து?"

சங்கண்ணே மகளைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், கையைக் கட்டிக்கொண்டார்.

"ஆபத்து இல்லீங்க தொர. அதி பொசொன்."

"என்ன பொசொன்?"

"அதி பொசொனுங்க. ஒரே மாசத்துல ரெண்டு பௌர்ணமி வந்தா ஒண்ணு கூடுதலாப் போயிரும். அந்தக் கூடுதல் போயாவுக்குத்தான் அதின்னு பேரு. குணபால சொல்லித்தான் எனக்கே தெரியும். வெசாக்க நான் ஊதாட்டியும் எல்லாருக்கும் தெரியும் தொர. பாவம், இத யாருங்க நெனைப்பா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவருடைய மகள் நாற்காலியில் இருந்தபடி, "அப்பா, ஒங்களுக்கு நான் முக்கியமா, இந்தப் போயா முக்கியமா?" என்று அழுதாள். அவர் தலைத்துண்டை அவிழ்த்து அவள் தலையில் போட்டார்.

"விடிஞ்சதும் சாமானக் கட்டு" என்றார் துரை.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. இடி என்று நினைத்தோம், ஆனால் இடி கீழே இருந்து வராது. திரும்பிப் பார்த்தால் எங்கள் லயத்துக்குப் பின்னால் நின்ற மேடு, தேயிலைச் செடிகளோடு அப்படியே நடந்து வருகிறது. மரம் சாயவில்லை, நின்றபடியே வந்தது. லயத்தின் மேல் ஏறியது. கூரைத் தகரம் ஒரு முறை கிறீச்சிட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும்தான்.

டீமேக்கர் ஐயா செக்றோலை எடுத்து வந்து பேர் கூப்பிட்டார். ஒவ்வொரு பேருக்கும் "இருக்கேனுங்க" என்று பதில் வந்தது. கடைசிப் பேர் முடிந்தபோது துரை ஜீப்பின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே கேட்டார்:

"இந்த அதி... அடுத்தது எப்ப வரும்?"

"பாத்துச் சொல்றேனுங்க தொர" என்றார் சங்கண்ணே. அதைச் சொல்லிவிட்டுத்தான் மயங்கி விழுந்தார்.

மகள் பெற்ற பையனுக்கு ஏதோ நல்ல பெயர்தான் வைத்தார்கள். தோட்டத்தில் அவனை எல்லோரும் அதி என்றுதான் கூப்பிடுகிறோம். சங்கண்ணேக்கு வேறு லயத்தில் காம்பரா கொடுத்தார்கள். பொத்தானை அவர் இஷ்டத்துக்கு விட்டார்கள். ஆனால் அதிக காலம் இல்லை. இந்த மாசியில் நெஞ்சுச் சளியில் போய்விட்டார், எந்த மதத்துக்கும் எந்த விசேஷமும் இல்லாத ஒரு வெறும் செவ்வாய்க்கிழமையில். அவருக்கே அது பிடித்திருக்காது. டீமேக்கர் ஐயா தானே போய்ச் சங்கு ஊதினார். அவருக்கு ராகம் தெரியாது, பெரட்டுச் சங்குதான் வந்தது. நானாவும் குணபாலவும் அதற்கே வந்து வரிசையில் நின்றார்கள்.

போன வாரம் பஜாரில் முதல் தடவையாக ஒரு கலண்டர் வாங்கினேன். பாதி வருஷம் போய்விட்டது என்று நானா காசு வாங்கவில்லை. ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். எல்லா நாளும் அதில் சரியாகத்தான் இருக்கிறது. சத்தம்தான் வரவில்லை.

2008, பொசொன் போயா. அதி இல்லை, சாதாரணப் பொசொன்தான்.