தக்கை வதைப் படலம்

வாழிய மூக்கு. கண் ஏமாறும், காது ஏமாறும், நாக்கோ ஏமாற்றுவதற்கென்றே படைக்கப்பட்டது. முகத்தின் நடுவே மலையென நிமிர்ந்து, இரு குகைவாயில்களையும் இரவும் பகலும் திறந்து வைத்து, உலகின் உண்மையை உள்ளே இழுக்கும் மூக்கே, நீ வாழிய. அத்தகைய மூக்குகளுள் தலையாயதைத் தாங்கியவரும், காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளராக இருபத்திரண்டு ஆண்டுகள் எரிந்த கடைகளின் சாம்பலை முகர்ந்தே பொய்யைப் பிரித்தெடுத்தவரும், 'உண்மையை மறைத்தமையால் நிராகரிக்கப்படுகிறது' என்னும் ஒற்றை வரியால் எண்ணற்றோரின் கோரிக்கைகளைத் தரைமட்டமாக்கியவரும், போர்பன் விஸ்கிக்கு மதிப்புரை எழுதும் துறையில் தொண்ணூற்றொன்பது களம் கண்டு மீண்டவருமான மூக்கரசரின் நூறாவது போர் இங்கே உரைக்கப்படுகிறது.

மூக்கரசர் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. பீப்பாய்ச் சங்கம் இட்டது. நாற்பத்தொரு பேர் கொண்ட அச்சங்கம் ஒரு கைபேசிக் குழுவுக்குள் குடியிருந்தது. மக்காச்சோளத்தை வடித்து, உட்புறம் கரியாகும்படி சுட்ட புதிய ஓக் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் உறங்கவைத்த செந்நிறச் சாராயமே போர்பன். அதைக் குடிப்பது எவர்க்கும் எளிது, குடித்ததில் என்னென்ன தெரிந்தது என்று எழுதுவதே வீரம் என்பது சங்கத்தின் கொள்கை. சட்டம் ஒன்றே. எவராலும் மறுக்கப்படாத நூறு மதிப்புரைகளை முதலில் முடிப்பவர் தலைமை மூக்கு. ஆண்டுச் சுவைப்பு விழாவில் நடு நாற்காலி அவருடையது. அவர் முகர்ந்த பிறகே மற்றவர் கோப்பையைத் தொடலாம். அவர் சொன்னதே மணம்.

அந்த நாற்காலியின் மேல் இன்னொருவருக்கும் கண் இருந்தது. அவர் வங்கி மேலாளர். அவர் கணக்கிலும் தொண்ணூற்றொன்பது.

மூக்கரசர் ஒரு வாரம் முன்பே குழுவில் முரசறைந்தார்: "வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, ஒன்பது ஆண்டுகள் என் காவலில் துயின்ற குப்பி கண் விழிக்கும். அதன் மணங்கள் ஒவ்வொன்றும் பெயர் சொல்லி அழைக்கப்படும்." வங்கி மேலாளர் கட்டைவிரல் ஒன்றை உயர்த்திக் காட்டினார். சனிக்கிழமை கடைக்குப் போய், மூக்கரசர் வீட்டு அலமாரியில் தாம் பார்த்திருந்த அதே விஸ்கியில் ஒரு குப்பி வாங்கினார். திறந்து, கோப்பையில் ஊற்றி, பகைவன் ஒரு சொல் பிழைத்தால் மறுப்பதற்கு ஆயத்தமானார். மூக்கரசர் ஐந்து மணி தவறினால் ஆறு மணிக்குத் தம் நூறாவது மதிப்புரை வரும் என்றும் அறிவித்தார்.

இனி அந்தக் குப்பியின் வரலாறு. அதைக் கொண்டுவந்தவன் மூக்கரசரின் மனைவிக்குத் தம்பி, கப்பலில் இயந்திரம் பழுது பார்ப்பவன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், அழுக்குச் சட்டைகளுக்கு நடுவே சுற்றி எடுத்துவந்து நீட்டியபோது அவன் சொன்னது ஒன்றுதான்.

"மாமா, இத நிக்க வச்சே வைங்க. படுக்கப் போட்டா தக்கை ஊறி வீணாப் போயிடும்."

எண்ணெய்க் கையோடு ஒருவன் தமக்குப் பாடம் சொல்வதா என்று மூக்கரசர் புன்னகைத்தார். நிலவறைகளில் திராட்சை மதுக் குப்பிகள் வரிசையாகப் படுத்திருக்கும் படங்களை அவர் பார்த்திருந்தார். மதுவுக்கு ஆவது விஸ்கிக்கும் ஆகும் என்று தீர்ப்பளித்தார். தச்சரிடம் சொல்லி மரத்தில் தொட்டில் செய்தார். தொட்டிலுக்குச் சிவப்பு வெல்வெட் மெத்தை தைத்தார். கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் குப்பியைக் கிடத்தினார். விருந்தினர் வியந்தனர். உள்ளே, எவர்க்கும் தெரியாமல், கோட்டைச் சுவரின் அடியில் சுரங்கம் தோண்டும் படைபோல, சாராயம் ஒன்பது ஆண்டுகள் தக்கையைத் தின்றது.

ஞாயிறு வந்தது. மணி மூன்று. மேசையில் வெள்ளை விரிப்பு. அதன்மேல் மொட்டு வடிவக் கோப்பை, ஒரு சொட்டு நீர் விடுவதற்கான குழாய், குறிப்பேடு, கூர்சீவிய இரண்டு பென்சில்கள். மூக்கரசர் குளித்திருந்தார்; மணம் குழம்புமென்று சோப்புப் போடாமல் குளித்திருந்தார். குப்பியைத் தொட்டிலினின்று எடுத்து, நெஞ்சோடு அணைத்து, மூடியைப் பற்றி, யானையின் தந்தத்தைப் பிடித்துத் திருகும் வீரனைப்போல் ஒரு திருகு திருகினார்.

மூடி கையோடு வந்தது. தக்கையில் நகக்கண் அளவும் வந்தது. மீதி கழுத்திலேயே நின்றது.

மூக்கரசரின் மனைவி பல் மருத்துவர். வாரத்தில் அவர் கால் நீட்டி ஓய்ந்திருக்கும் நாள் அது ஒன்றே. அழைத்ததும் வந்தார். குப்பியைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"வேரு உள்ளயே நின்னுடுச்சு" என்றார். "படுக்க வைக்காதீங்கன்னு தம்பி அன்னைக்கே தலைபாடா அடிச்சுக்கிட்டான்."

"அத விடு. உன் கொறடு ஒண்ணு குடேன்."

"அது ஊரார் வாயில போறது. பாட்டில்ல எல்லாம் விட மாட்டேன்."

"கழுவிடலாம்ல."

"நான் கழுவுறது பேஷன்ட்டுக்காக. உங்க போர்பனுக்காக இல்ல."

படைத்துணை மறுக்கப்பட்ட மன்னர் தனியே களம் புகுந்தார். முதலில் திருகாணி சென்றது. தக்கை மாவாக உதிர்ந்து அதற்கு வழிவிட்டதே தவிர வெளிவரவில்லை. பிறகு பழம் நறுக்கும் கத்தி. பிறகு பின்னல் ஊசி. பிறகு வசைச்சொற்கள். மூன்றே முக்காலுக்கு, வேர்வை புருவம் கடந்து புகழ்பெற்ற அந்த மூக்கின் நுனியில் திரண்டு நிற்க, அடுப்படிக்குச் சென்று கரண்டியொன்றை எடுத்து, அதன் காம்பைத் தக்கையின் தலையில் ஊன்றி, தம் எழுபத்தெட்டுக் கிலோவையும் அதன்மேல் இறக்கினார்.

'டுபுக்' என்றது. தக்கை உள்ளே விழுந்து நூறு துண்டானது. கப்பற்போர் முடிந்த கடலைப்போலச் செந்நீரில் மரத்தூள் மிதந்தது.

தேநீர் வடிகட்டி கொணரப்பட்டது. பெரிய துண்டுகள் சிறைப்பட்டன; தூள் தப்பியது. மணி நான்கு பத்து. மூக்கரசர் நாற்புறமும் நோக்கினார். நாற்காலியில், அன்று காலை துவைத்து, காய்ந்து, மடிக்கப்பட்ட துணிக்குவியலின் உச்சியில், வெற்றிக்கொடிபோல் வெண்ணிறக் கைக்குட்டை ஒன்று கிடந்தது. அதைக் கோப்பையின் வாயில் விரித்தார். ஊற்றினார். துளித்துளியாக, தூய்மையாக, தேன்நிறத்தில் இறங்கியது வெற்றி.

முகர்ந்தார். வனிலா வந்து வணங்கியது. கருக்கிய சர்க்கரை வந்தது. சுட்ட மரமும் ஆரஞ்சுத் தோலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. இவர்களெல்லாம் பழைய குடிமக்கள். தொண்ணூற்றொன்பது களத்தில் பார்த்த முகங்கள். ஆனால் இவர்களுக்குப் பின்னால், எந்தப் போர்பனிலும் எந்த மூக்கும் கண்டிராத வகையில், தேர்ப்படை கடந்துபோன பின் தனியே நடந்துவரும் இளவரசியைப்போல, ஒரு மலர் வந்தது. மூக்கரசர் மீண்டும் முகர்ந்தார். ஒன்பது ஆண்டுத் தவத்தின் பயன், படுக்கவைத்ததன் பயன் என்று தெளிந்தார். பென்சில் பறந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்று மதிப்பிட்டு, இறுதியில் இப்படி முழங்கினார்:

"இதன் முடிவில் ஒரு மலர் இருக்கிறது. தேர்ந்த மூக்கு அதை அறியும். அறியாத மூக்கு உண்டெனில், அது தன்னை இங்கே அறிவித்துக்கொள்ளலாம்."

ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் மதிப்புரை குழுவுக்குள் பாய்ந்தது.

ஊரின் மறுகோடியில் வங்கி மேலாளர் அதைப் படித்தார். தம் கோப்பையை முகர்ந்தார். மலர் இல்லை. மூக்கைச் சிந்திவிட்டு முகர்ந்தார். இல்லை. மனைவியிடம் நீட்டினார்.

"ஏதாவது பூ வாசம் வருதா பாரு."

"பெயிண்ட் வாசந்தான் வருது. சன்னலத் திறங்க."

மேலாளர் சிந்தித்தார். மலர் இல்லை என்று எழுதினால், இல்லாதது மலரா, தம் மூக்கா என்று நாற்பது பேர் கேட்பார்கள். அவர் எழுதினார்: "உண்மை. லாவெண்டர். மூன்றாவது மடக்கில்."

பகைவன் பணிந்ததைக் கண்டு படைகள் பணிந்தன. கண் மருத்துவர் தமக்கு முதல் மடக்கிலேயே தெரிந்ததாகக் கூறினார். மரச்சாமான் கடைக்காரரிடம் அந்தக் குப்பியே இல்லை. போன வருடம் ஒரு திருமணத்தில் குடித்தபோதே தமக்குச் சந்தேகம் இருந்தது என்றார். ஐந்தேகாலுக்குச் சங்கச் செயலாளர் அறிவித்தார்: "மறுப்பில்லை. தலைமை மூக்கு வாழ்க."

மூக்கரசர் கண்களை மூடினார். அழைப்புமணி அடித்தது.

விடுப்பில் வந்திருந்த மைத்துனன். அக்காவிடம் "என்னடா இப்படிக் கறுத்துட்ட" வாங்கிக்கொண்டு, காலியான தொட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தான். மூக்கரசர் தம் கையால் ஊற்றிக் கொடுத்தார். அவன் ஒரு மடக்குக் குடித்தான். நாக்கைச் சுழற்றினான்.

"அக்கா, துணி வாசனைக்கு ஊத்துவியே, ஊதா பாட்டில். இன்னும் அதேதானா?"

"அதேதான். ஏன்டா?"

"மாமா அதைத்தான் ஊத்திக் குடுத்திருக்காரு. சோடா இருந்தா குடு, சமாளிச்சுக்கிறேன்."

மனைவி மேசையைப் பார்த்தார். கருந்தூள் படிந்து கசங்கிக் கிடந்த கைக்குட்டையை எடுத்து முகர்ந்தார். சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருப்பதற்கு வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. கைக்குட்டையை நீட்டினார். மூக்கரசர் முகர்ந்தார். இளவரசி அங்கே குடும்பத்தோடு இருந்தாள்.

"குழுவுல உண்மையப் போட்டுடுங்க" என்றார் மனைவி. "தெரியாமப் பண்ணினதுதானே. யாரு என்ன சொல்லப்போறா."

இருபத்திரண்டு ஆண்டுகள் பிறர்க்கு எழுதிய வரி, வேட்டைநாய்போலத் திரும்பி எழுதியவர் காலடியில் வந்து நின்றது. மூக்கரசர் கைபேசியை எடுத்தார். எழுதினார்: "நண்பர்களே, ஒரு திருத்தம். அந்த மலர் என் கைக்குட்டை"

அப்போது திரையில் வங்கி மேலாளர் தோன்றினார்: "நாலாவது மடக்கில் இன்னும் தெளிவு. தோற்றது உங்களிடம் என்பதில் எனக்குப் பெருமை." அதன் கீழே செயலாளர்: "நாற்காலியில் பெயர் பொறிக்கச் சொல்லியாயிற்று."

மூக்கரசரின் கட்டைவிரல் வெகுநேரம் வானில் நின்றது. பிறகு, காவலர் ஒவ்வொருவராகக் கோட்டையை விட்டு இறங்குவதுபோல, கடைசி எழுத்திலிருந்து தொடங்கி, குட்டையும் கையும் மலரும் திருத்தமும் நண்பர்களும் ஒவ்வொன்றாக அழிந்தன. மனைவி பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனன் சோடா ஊற்றிக்கொண்டான். தலைமை மூக்கு ஆசனம் விட்டு எழுந்து, அடிமேல் அடி வைத்து, வரலாறு காணாத அந்த மலரைத் தம் இரு கைகளிலும் ஏந்திச் சென்றது.

கைக்குட்டையைத் துவைக்கப் போட்டார்.