கானுக்குக் கட்டிய வெள்ளைக்கொடி

ஊருக்கு ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை, வெற்றிலை போடுகிற பழக்கம் மாதிரி. பிடித்துவிட்டால் வாய் சும்மா இராது. எனக்கு அது எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிய கையோடு பிடித்தது. உத்தியோகம் வரவில்லை, வயலில் இறங்க மனமில்லை. அப்படிப்பட்டவனை ஊர் என்ன செய்யும்? கிராம முன்னேற்றச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிவிடும். ஆக்கியது. (போட்டியிட வேறொருவரும் முன்வரவில்லை என்பதை அந்தக் காலத்தில் நான் யாருக்கும் சொல்வதில்லை.)

அறுபதுகளின் தொடக்கம் அது. மட்டக்களப்பு வாவியின் கிழக்கே, எழுவான்கரையில் எங்கள் ஊர். சந்தை, பள்ளிக்கூடம், மருந்துச்சாலை எல்லாவற்றின் கழிவுத் தண்ணீரும் ஒரே வாய்க்காலில், எங்கள் ஊர்க் கானில்தான் ஓடிவரும். ‘ஓடிவரும்’ என்பது மரியாதைக்குச் சொன்னது. உண்மையில் அது எங்கள் வீட்டு வேலி வாசலான கடப்படி வரைக்கும் வந்து, அங்கே வளைய முடியாமல் படுத்துக்கொள்ளும். மாரி காலத்தில் வளவுக்குள்ளும் வந்து விருந்தாடும். மணம் எங்களுக்குப் பழகிவிட்டிருந்தது. புவனம் அக்காவுக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்கிய பிறகுதான், மற்றவர்களுக்கும் மூக்கு இருக்கிறது என்பது எங்கள் வீட்டுக்கு நினைவு வந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே மாப்பிள்ளையின் தாய் பெண்ணை ஒரு கண்ணாலும் வீட்டை மறு கண்ணாலும் பார்ப்பாள். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பொருந்தி வந்தார். அவருடைய தாய் தங்கம்மா மாமி ஒருதரம் வந்தார். அக்காவின் கன்னத்தைத் தொட்டுச் சிரித்தார். போகும்போது கடப்படியில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“பிள்ளை தங்கம். ஆனா என்ட மகன் காலம் பூரா இந்த மணத்துக்குள்ளயா கிடக்கிற? கானை ஒரு வழி பண்ணுங்க, மறுகா பாப்பம்.”

அதற்கு முன் வந்த சம்பந்தமும் அதே இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு போனதுதான். திரும்பி வரவில்லை. அக்காவோடு படித்தவர்கள் இரண்டாவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அக்கா விடியற்காலையில் எழும்பிக் கடப்படியில் சாணித்தண்ணீர் தெளிப்பதை மட்டும் இருமடங்காக்கினார்.

இந்த நிலையில்தான் கிராமச் சபை கானைத் திருத்த முன்வந்தது. ஆழமாக வெட்டி, சீமெந்துக் குழாய் புதைத்து, கழிவை ஊருக்கு அப்பால் கொண்டுபோகும் திட்டம். வேலையைப் பார்க்க வந்த ஓவசியர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, வெட்டுற வேலை எங்கட. சனத்துக்குச் சொல்ற வேலை உங்கட. வெட்டக்குள்ள ஒருத்தரும் கானுக்குள்ள தண்ணி விடப்படாது. வேலியைப் பின்னுக்கு இழுக்கணும். கிடங்குக்குள்ள விழுந்து காலை முறிக்கப்படாது.”

எனக்கு வானத்திலிருந்து உத்தரவு வந்த மாதிரி இருந்தது. வாயில் வைத்துக் கூப்பிடத் தகரத்தில் ஒரு குழல் செய்வித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். குழாய் போகும் வழியில் முளைக்கம்புகள் நட்டேன். அடுத்த நாள் எல்லா முளையிலும் ஆடு கட்டியிருந்தது. எனவே கம்புக்குக் கொடி வேண்டும் என்று முடிவு செய்து சிவப்புத் துணி கட்டினேன். தேர்தல் வருகிற நேரம். கிராமச் சபைத் தலைவர் சைக்கிளை வேலியில் சாத்தாமலே இறங்கினார்.

“சிவப்பா? நான் உசிரோட இருக்கக்குள்ள அவனுகள்ற கொடியை என்ட கான்ல நடுவியா?”

பச்சை ஒரு கட்சி. நீலம் இன்னொரு கட்சி. மஞ்சள் கட்டினால் அம்மன் கோவில் சடங்கு தொடங்கிவிட்டது என்று பாதி ஊர் விரதம் பிடித்துவிடும். மிஞ்சியது வெள்ளை. வெள்ளைக்குக் கட்சியில்லை, சாமியில்லை, சண்டையில்லை. அப்பாவின் பழைய வேட்டிகளை நானே கிழித்தேன். (எல்லாமே பழையவையல்ல என்பது பிறகு தெரிந்தது.)

அம்மா மட்டும் கேட்டார். “வெள்ளைக்கொடி செத்த வீட்டுக்குத்தானேடா கட்டுற?”

“அம்மா, அது விளக்கம் சொல்லாத இடத்தில. நான் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் விளக்கமாச் சொல்லப்போறன். விளங்கின சனம் ஏன் பயப்படப்போகுது?”

சொன்னபடியே செய்தேன். வாவித் துறையில் தொடங்கி எங்கள் கடப்படி வரைக்கும், ஒழுங்கையின் இரு பக்கமும் கொடிகள். எங்கள் கடப்படியில் குழாய்கள் சந்திக்கிற பெரிய கிடங்கு வெட்டவிருந்ததால், அங்கே மிகப் பெரிய கொடிகளாகப் பார்த்து நட்டேன். ஊரில் ஒரு உயிர்கூடத் தவறாக நினைக்கவில்லை. அவ்வளவு திறமாக அறிவித்திருந்தேன்.

அப்போதுதான் தோணிக்காரன் மூலம் செய்தி வந்தது. கான் வேலை தொடங்கியதைக் கேள்விப்பட்டுத் தங்கம்மா மாமி சந்தோசப்பட்டாராம். வெள்ளிக்கிழமை காலையில் மகனோடு வெற்றிலைத் தட்டம் கொண்டு வருவாராம். எல்லாம் சரியென்றால் அன்றைக்கே முற்றாக்கிவிடலாமாம்.

அன்று இரவு அக்கா சாப்பிடும்போது இரண்டாம் முறை சோறு கேட்டார். அதை அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டோம்.

அப்பா என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டார். “மகன் துறையில நிப்பானெண்டு சொல்லி அனுப்பியிருக்கன். அவங்க இறங்கக்குள்ள உன்ட முகத்தைத்தான் முதல்ல காணணும். விளங்கிச்சா?”

“விளங்கிச்சு.”

“உனக்கு எல்லாம் விளங்கும். அதுதான் எனக்குப் பயம்.”

வெள்ளிக்கிழமை காலையில்தான் கடப்படிக் கிடங்கை வெட்டுவதென்று ஓவசியரும் முடிவு செய்தார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. மாமி வந்து இறங்கும்போது அந்தப் பழைய கானின் முடிவு அவர் கண்முன்னே நடக்க வேண்டாமா? தகரக் குழலை எடுத்து ஊர் முழுக்க அழைப்பு விட்டேன். சனம் இருக்கப் பள்ளிக்கூடத்து வாங்குகளைக் கொண்டுவந்து எங்கள் வளவுக்குள் போட்டேன். சனம் வந்தது. தோட்டக்காரர், மீன்காரர், துறையில் வழக்கமாகக் குந்தியிருக்கிறவர்கள்வரை எல்லாரும் வந்து, கிடங்கைச் சுற்றி அமைதியாக நின்றார்கள். (அமைதியாக நிற்கும்படி நான்தான் கேட்டிருந்தேன்.)

துறைக்கு வெளிக்கிடும் நேரம். அப்போது பக்கத்து வளவுக் கந்தப்பர், தன் வேலி போகப்போகிறதே என்ற கோபத்தில் அரைவாசி வெட்டிய கிடங்குக்குள் இறங்கி மல்லாக்கப் படுத்துவிட்டார்.

“மண்ணைப் போடுங்கடா! என்ட வேலிக்கு முதல் என்னை மூடுங்க!”

அவருக்கு விளக்கம் சொல்ல ஊரில் என்னைவிட்டால் யார்? கிடங்கின் விளிம்பில் குந்திக்கொண்டு, சுகாதாரம், நுளம்பு, வருங்காலச் சந்ததி என்று தொடங்கினேன். அவர் படுத்தபடியே கேள்வி கேட்டார். நான் படியாத பகுதியிலிருந்தெல்லாம் கேட்டார். கடைசியில் அவர் எழும்பி மண்ணைத் தட்டியபோது வெற்றி எனக்குத்தான். நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் அப்பா. அவருக்குப் பின்னால் புதுச் சேலையில் அக்கா.

“நீ இன்னும் துறைக்குப் போகல்லியா?” என்றார் அப்பா. சத்தம் போடவில்லை. அதுதான் என்னை ஓடவைத்தது.

துறையில் ஒரு குஞ்சு இல்லை. எல்லாரையும் நான்தானே கூப்பிட்டு வைத்திருந்தேன். வாவியில் ஒரு தோணி, கரையைவிட்டு, படுவான்கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதில் பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள், மடியில் தட்டம்.

வந்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஏன்?

திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு நாளும் கொடிகளை ஊருக்குள்ளிருந்துதான் பார்த்திருக்கிறேன். துறையிலிருந்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆளில்லாத ஒழுங்கை. இரு பக்கமும் காற்றில் அசைகிற வெள்ளைக்கொடிகள். அவை போய்ச் சேருகிற இடத்தில் எங்கள் வீடு. வீட்டு முன்னால் வாங்குகள், கூட்டம், மண்வெட்டியோடு ஆட்கள். இதைவிடச் சிறப்பான செத்த வீட்டை அந்தக் கரையில் ஒருவரும் நடத்தியிருக்க முடியாது.

மங்கலத் தட்டத்தோடு செத்த வீட்டுக்குள் நுழைய யாரால் முடியும்? பெரியவர்கள் வாய் திறவாமல் திரும்பிப் போய்விட்டார்கள். அக்காவின் கலியாணம் அந்தத் தோணியில் போய்க்கொண்டிருந்தது.

குழலை வாயில் வைத்தேன். “மாமீ! ஒருத்தரும் சாகல்ல!” காற்று என் பக்கம் வீசியது, என் குரல் எனக்கே திரும்பி வந்தது. கையில் அகப்பட்டதைப் பிடுங்கித் தலைக்கு மேல் ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் அது வெள்ளைக்கொடி என்று கண்டேன். அந்தத் தூரத்தில் அவர்களுக்கு என் முகம் தெரிந்திருக்காது, கொடிதான் தெரிந்தது. தோணியில் மாமி இரண்டு கையையும் தலையில் வைத்தார். தோணி இன்னும் வேகமாகப் போனது.

கரையில் கிடந்த ஒரு சின்னத் தோணியைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். வாவிக்கரையில் பிறந்து வளர்ந்தும் எனக்குத் தோணி விடத் தெரியாது. (படிக்கிற பிள்ளை என்று வீட்டில் விடவில்லை.) கொஞ்ச நேரம் வட்டம் சுற்றினேன். பிறகு, மீன் பிடிக்க நட்டிருந்த கம்புகளுக்குள் தோணி போய் இறுகிக்கொண்டது. தோணி தள்ளுகிற சவள் கை நழுவி மிதந்து போனது. வெயில் ஏறியது. வீட்டில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை என்று அப்பா கொதிப்பார். அவர்களுக்கு ஆள் அனுப்பிச் சம்பந்தத்தை முறிக்கவும் கூடும். அக்கா புதுச் சேலையை மடித்து வைப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். அதை நினைத்தபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

வெயில் சாயும் நேரத்தில் அந்தக் கரையிலிருந்து தோணிகள் வந்தன. ஒன்றல்ல, ஒரு வரிசை. எல்லாரும் வெள்ளை உடுப்பு. சம்பந்தம் பேசிய வீட்டில் ஒரு சாவு என்றால் சும்மா இருப்பார்களா? இனத்தாரையெல்லாம் கூட்டிக்கொண்டு அழ வருகிறார்கள்! முதல் தோணியில் தங்கம்மா மாமி, தலைமுடி அவிழ்ந்தபடி ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தார்.

“துறையில நிப்பானெண்டு சொன்னாங்களே... துறைக்கு வந்து பாத்தனே, கொடிதானே நிண்டிச்சே... ஊருக்கெல்லாம் சேதி சொன்ன ராசா, எனக்கொரு சேதி சொல்லாமப் போனியே!”

செத்தது நான்!

நிற்பான் என்ற பொடியன் நிற்கவில்லை, கொடி நிற்கிறது. அவர்கள் கணக்கு சரிதான். உண்மையைச் சொன்னால், ஒப்பாரி மிக நன்றாக இருந்தது. எனக்கே கண் கலங்கியது. இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டுக்கூடப் பேசியிருப்பேன். ஆனால் தோணி என்னைக் கடந்துவிடப் பார்த்தது. எழும்பி நின்றேன்.

“மாமி! நான் இஞ்ச இருக்கன்!”

யாரோ “பேய்!” என்று கத்தினார்கள். தோணி ஒரு பக்கம் சரிந்து நிமிர்ந்தது. மாப்பிள்ளை மட்டும் எட்டி என் காதைப் பிடித்துத் திருகினார். “சூடு இருக்குது அம்மா. ஆள் உசிரோடதான்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை. மாமி முடியை முடிந்துகொண்டு கேட்டார். கேட்டு முடிந்ததும் தோணிக்காரனைப் பார்த்தார்.

“தோணியைத் திருப்பு.”

“மாமி, என்னை அடியுங்க. அக்கா என்ன செஞ்சவ? காலையிலயிருந்து உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறா.”

“நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டு ஒப்பாரியில முடிஞ்சிருக்கு. இதுக்கு மேலயும் என்னத்தடா பாக்கிற?”

“இவ்வளவு தூரம் அழுதுட்டு வந்தாச்சு,” என்றார் மாப்பிள்ளை மெதுவாக. “கானையாவது ஒருக்காப் பாத்துட்டுப் போவம் அம்மா.”

மாமி பதில் சொல்லவில்லை. தோணிக்காரன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

வெள்ளைக்கொடிகளுக்கு நடுவில், வெள்ளை உடுப்போடு அத்தனை பேரும் நடந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், தோணி மாறி ஏறியதில் நனைந்துபோய், செத்தவன் நடந்தான். கடப்படியில் அப்பா மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டிக்கொண்டு நின்றவர், அவர்கள் வந்த கோலத்தைக் கண்டு வாயை மூடினார். மாமி கிடங்கின் விளிம்பில் நின்றார். மூச்சை இழுத்தார். ஊர் முழுவதும் மாமியின் மூக்கையே பார்த்தது. கதவடியில் அக்கா, காலையில் கட்டிய சேலை மாற்றவில்லை.

“இன்னும் மணக்குது,” என்றார் மாமி.

“குழாய் மூடினாச் சரியாகிடும் அம்மா,” என்றார் ஓவசியர்.

மாமி என் பக்கம் திரும்பினார். “இவனுக்கு நான் வாய்விட்டு அழுதிட்டன். அந்நியப் பொடியனுக்கு அப்பிடி அழ எனக்கென்ன விசரா? அழுதாச்சு, இனி இவன் எனக்குச் சொந்தம்தான். வேற வழியில்லை.” பிறகு வந்தவர்களைப் பார்த்து, “என்ன நிக்கிறீங்க? உள்ளுக்குப் போங்க. பிள்ளை எவ்வளவு நேரம் நிக்கிறா.”

மாமி காலையில் கொண்டுவந்த தட்டம் மற்றக் கரையில் கிடந்தது. அம்மாவின் வெற்றிலைத் தட்டத்திலேயே வெற்றிலை மாற்றினார்கள். அத்தான் அடுத்த மாரிக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கான் மணக்கவில்லை.

அந்த ஒப்பாரிதான் நிலைத்துவிட்டது. அக்காவின் பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் நித்திரைக்குப் போனார்கள். எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணம் நடந்தாலும் மாமியைப் பிடித்து இருத்தி அதைப் பாடவைப்பார்கள். பாடினால்தான் சம்பந்தம் நிலைக்கும் என்று ஒரு நம்பிக்கையே உண்டாகிவிட்டது. என் கலியாணத்திலும் விடவில்லை. மணவறையில் மாலையோடு நான் இருக்க, மாமி என் முன்னால் வந்து குந்தி, ஒரு சொல் பிசகாமல் எனக்கு ஒப்பாரி வைத்தார். பெண் வீட்டார் வெலவெலத்துப் போனார்கள். என் மாமனார் எழும்பியேவிட்டார். நான் அவர்களுக்கு விளக்கம் சொல்ல எழுந்தேன். அத்தான் என் வேட்டியைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

“நீ இரு. ஆருக்கும் ஒண்டும் சொல்லாத.”