என் பாஸில் உள்ளே போன விறைப்பர்

கதைத்தே ஒரு மனிதனின் தாடையை விறைக்க வைக்கும் வல்லமை இந்தத் தீவுப் பகுதியில் ஒருவருக்குத்தான் உண்டு. அவர் எங்கள் விறைப்பர். அவர் வாயைத் திறந்தால் ஊசியே தேவையில்லை.

வேலணைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நான் அங்கே ஆண் தாதி, அவர் மருந்து கொடுப்பவர். தையல் போடும்போது நோ தெரியாமல் மரக்கச் செய்யும் விறைப்பு ஊசியை டொக்டருக்கு எடுத்துக் கொடுப்பது, ஆளை அமத்திப் பிடிப்பது, உதை வாங்குவது எல்லாம் நான். பட்டப்பெயர் மட்டும் அவருக்கு!

ஒருநாள் தொலைபேசியில் லிப்போசோம் என்று எதையோ வாசித்துவிட்டார். அன்றோடு ஊருக்குச் சனி பிடித்தது. காய்ச்சல் குளிசைக்கு வந்தவர்களும் பாடம் கேட்காமல் அவருடைய மருந்து யன்னலைவிட்டு அசைய முடியாது.

“விறைப்பு மருந்தைச் சும்மா குத்தினால் கொஞ்ச நேரத்தில விட்டிடும். கனக்கக் குத்தினால் ரத்தத்தில ஏறி இருதயத்தைக் குழப்பும். அதையே கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிக்குள்ள அடைச்சு விட்டால்? மாதுளம்பழம் மாதிரி உள்ளுக்க அறை அறையா இருக்கும். ஒவ்வொண்டா உடைய, மருந்து மெள்ள மெள்ள வரும். ரெண்டு மூண்டு நாளைக்கு நோ குறையும், இருதயத்துக்கும் பயம் குறைவு. விளங்குதோ?”

விளங்காவிட்டால் முதலிலிருந்து தொடங்குவார். அதனால் எல்லாருக்கும் விளங்கியது.

ஒருமுறை தூண்டில் ஏறிய விரலோடு ஒரு கடற்றொழிலாளி வந்தார். விறைப்பர் பக்கத்தில் நின்று மாதுளம்பழத்தை உடைக்கத் தொடங்கினார். டொக்டர் ஊசி போட்டு, தூண்டிலை எடுத்து, துணியும் சுற்றியாயிற்று. அந்த மனிதர் விரலைப் பார்த்துவிட்டு, “எப்ப எடுத்தனீங்கள்?” என்றார். அடுத்தநாள் விறைப்பருக்கு ஒரு கோர்வை மீன் வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு ஒரு செதிலும் வரவில்லை. வயிறு எரியுமா, எரியாதா?

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் மனைவி விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவளுக்கு முழங்கால் தேய்ந்து போயிற்று. கிணற்றடிக்குப் போய்வர அரை மணித்தியாலம். சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் இனிச் சக்கரக் கதிரைதான் என்று யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்டர் சொல்லிவிட்டார். அவளோ, “வெட்டினாப் பிறகு வாற நோவை ஆர் தாங்கிறது? எனக்கு ஏலாது” என்று ஒரே பிடி. இரண்டு வருடம் கெஞ்சினேன். விறைப்பர் ஒருநாள் வந்து மாதுளம்பழக் கதையோடு ஒரு தேத்தண்ணி குடித்தார். குடித்து முடிக்குமுன் ஓம் என்றுவிட்டாள்! ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாள்.

“அண்ணை, அந்தக் கொழுப்பு சைவமோ, மச்சமோ?”

விறைப்பருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு என்பதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு உள்ளூரச் சரியான சந்தோஷம். “முட்டையிலயும் எடுக்கலாம், சோயாவிலயும் எடுக்கலாம். விசாரிச்சுச் சொல்லுறன், தங்கச்சி” என்று போனார். மூன்றாம் நாள் முகம் வாடி வந்தார்.

“தங்கச்சி, பெரிய டொக்டரிட்டப் போய்க் கேட்டனான். அந்த மருந்து எங்கட பக்கம் இன்னும் வரேல்லையாம். வழமையான விறைப்பு மருந்துதான். அது விட்டாப் பிறகு நோகும். பொய் சொல்ல மாட்டன்.”

தொலைந்தது, இனி மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன்.

“அப்ப நீங்கள் வந்து கதைச்சுக்கொண்டிருப்பியளோ?” என்று கேட்டாள்.

“பின்ன? வராமல்?” என்றார் அவர். கட்டிய புருஷன் நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை முடிந்தது. பெண்கள் வாட்டுக்கு நோயாளர் பார்வை நேரத்தில் ஒரு பாஸ், ஒரு பாஸுக்கு ஒரு ஆள். அடுத்தநாள் மத்தியானம் கஞ்சியோடு ஆஸ்பத்திரிப் படலையில் நின்றேன். உள்ளேயிருந்து தாதி வந்து, “அண்ணையை விடட்டாம்” என்றாள். பக்கத்தில் நின்ற விறைப்பர் என் பாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். என் கஞ்சியையும் அவரே கொண்டுபோனார்! பின்னேரமும் அப்படியே. மறுநாளும் அப்படியே. காவலாளி என்னைப் பாவமாய்ப் பார்த்து, “அவர்தான் புருஷனோ, ஐயா?” என்றான். என் வாயில் வந்ததைப் பத்திரிகையில் எழுத ஏலாது.

மூன்றாம் நாள் பின்னேரம் பாஸைப் பறித்துக்கொண்டு நானே உள்ளே போனேன். அவள் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். இரண்டு வருடத்தில் அவளை அவ்வளவு நிமிர்ந்து நான் பார்க்கவில்லை. இருந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“எனக்கு இல்லாத உரிமை அந்தாளுக்கு என்ன?”

“இஞ்சேருங்கோ, நோவில எனக்கு அழவேணும் போல இருந்தது. நீங்கள் பார்த்தால் நீங்களும் அழுவியள். அண்ணைக்கு முன்னால ஆசை தீர அழலாம். அவர் லிப்போசோம் கதைச்சுக்கொண்டிருப்பார், ஒண்டும் கவனிக்க மாட்டார்.”

அப்பாடா! அவளுக்குத் தேவைப்பட்டது கண் இல்லாத ஒரு வாய்தான். எனக்கு அரைவாசிப் பொறாமை இறங்கியது.

வேலணை பஸ்ஸில் இருவரும் ஒன்றாய் ஏறினோம். தீவையும் கரையையும் இணைக்கும் தாம்போதியில் கடற்காற்று முகத்தில் அடித்தது. விறைப்பர் கழுத்தைத் தடவியபடி மெல்லக் கேட்டார்.

“நீர் போய் நிண்ட நேரம் தங்கச்சி அழுதவவோ?”

“இல்லை.”

“முதல் நாள் நாலு தரம் அழுதவ. நேற்று ரெண்டு தரம். இண்டைக்கு மத்தியானம் ஒருக்கா. பார்த்தால் வெட்கப்படுவா எண்டு நான் மேல் முகட்டைப் பார்த்துக் கதைச்சுக்கொண்டிருந்தனான். கழுத்துத்தான் பிடிச்சுப் போச்சு.”

இறங்கிய பொறாமை முழுவதும் திரும்ப ஏறியது. ஆனாலும் அவருடைய தலையைத் திருப்பி என் தோளில் சாய்த்துவிட்டு, வேலணை வரும்வரை நான் அசையாமல் இருந்தேன்.