ரெண்டு ஷிப்ட் செவ்வந்தி

பொங்கலூர்

அன்புள்ள மாப்பிள்ளை குகன் அவர்களுக்கு, மாமனார் லிங்கசாமி எழுதிக்கொள்வது. இங்கே நாங்களும் செடிகளும் கண்விழித்தபடி நலம். அங்கே நீங்களும் மகள் இந்துமதியும் பேரன் ரித்தீஷும் நன்றாகத் தூங்கி எழுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

என் தோட்டத்துப் பசுமைக்குடிலில் நீங்கள் மாட்டிவிட்டுப் போன ரோஸ் கலர் விளக்குகள் விடிய விடிய எரிகின்றன. "பகல்ல சூரியன் ஒரு ஷிப்டு, ராத்திரி லைட்டு ஒரு ஷிப்டுங்க மாமா. ஆயுத பூஜைக்குள்ள டபுள் புரொடக்சன்" என்றீர்கள். பனியன் கம்பெனி முதலாளி சொல்லிச் செடி கேட்காமல் போகுமா என்று நானும் தலையாட்டினேன். அந்தத் தைரியத்தில், கம்பெனிகளுக்கெல்லாம் மாலை கட்டித் தரும் பூக்கடை சாமியப்பனிடம், இந்தப் பூஜைக்குச் செவ்வந்தி மொத்தமும் என்னுடையதுதான் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன்.

செடி வளர்ந்தது மாப்பிள்ளை, என் நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்தது, மொட்டுதான் ஒன்றுகூட இல்லை. உங்கள் மேனேஜர் வந்து மேலும் கீழும் பார்த்து, "டார்கெட் வரலீங்க" என்று இன்னும் நாலு விளக்கை மாட்டிவிட்டுப் போனார். அந்த வெளிச்சத்தைப் பார்த்து ரோட்டில் போகிறவர்களெல்லாம், "ஊட்டுல என்ன விசேசமுங்க?" என்று உள்ளே வருகிறார்கள். உங்கள் மாமியார் சாரதாமணி எத்தனை பேருக்குத்தான் காபி போடுவாள்? கடைசியில் நாற்றுக் கொடுத்தவரையே வரவழைத்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏனுங்க, ராத்திரி நல்லா இருட்டுனாத்தானுங்க செவ்வந்தி மொட்டு வெக்கும்? லைட்டப் போட்டு முழிக்க வெச்சா எப்படிங்க பூக்கும்?"

பூஜைக்கு ஒரு வாரம்கூட இல்லை. சாமியப்பன் முகத்தில் எப்படி விழிப்பேன்? வெட்கமாக இருக்கிறது. உங்கள் கம்பெனியில் ஆட்களை ராத்திரியெல்லாம் நிறுத்தி வேலை வாங்கலாம், அவர்களுக்கு வேறு போக்கில்லை. செடிக்கு ரோஷம் உண்டு. சங்கம் வைக்காமலே வேலைநிறுத்தம் செய்துவிட்டது. ஓர் உயிரைத் தூங்கவிடாமல் வேலை வாங்குவது பாவம் மாப்பிள்ளை. நாளைக்கே ஆள் அனுப்பி விளக்குகளைக் கழற்றிக்கொள்ளுங்கள்.

மகளுக்கும் பேரனுக்கும் என் ஆசிகள். உங்களுக்கானது விளக்கு இறங்கியதும் வந்து சேரும்.

இப்படிக்கு,
லிங்கசாமி

பின்குறிப்பு: ஆள் அனுப்ப வேண்டாம். உங்கள் மாமியார் போன மாதமே ரெண்டு விளக்கைக் கழற்றிக் கோழிக் கொட்டகையில் மாட்டியிருக்கிறாள், எனக்கு இன்றுதான் தெரிந்தது. முட்டையை நிறுத்தியிருந்த கோழிகளெல்லாம் மறுபடி போட்டுத் தள்ளுகின்றன. சாமியப்பனுக்கு ஒரு கூடை கொடுத்தனுப்பினேன், பூவை வேறு இடத்தில் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பாவம் என்று மேலே எழுதியதை அடித்துவிட்டு வாசிக்கவும். செடிக்கு இருக்கிற ரோஷம் கோழிக்கு இல்லை. முடிந்தால் இன்னும் நாலு விளக்கு அனுப்பவும்.