பச்சைத் தண்ணீர் போன இடம்

ஒரு விஷயத்தை அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு வருகிற துணிச்சல், முழுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒருநாளும் வருவதில்லை. அவர்கள் யோசிக்கிறார்கள். நாங்கள் ஸ்பேனரை எடுக்கிறோம்.

என்னை ஸ்பேனர் எடுக்க வைத்தது அண்ணனின் மோட்டார் சைக்கிள். ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் சுற்றுலா வருகிறவர்களுக்குப் பாறை மேல் வண்டி ஏற்றக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஊர் திரும்பும்போது விற்ற வண்டிகளில் ஒன்றை அண்ணன் வாங்கினான். வாங்கிய கையோடு வேலை கிடைத்துக் கத்தாருக்குப் போய்விட்டான். கிழமைக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைத்தால் போதும் என்பதுதான் அவன் என்னிடம் கேட்ட உதவி. நான் ஸ்டார்ட் பண்ணினேன். பிறகு பல்லேபொலவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஓட்டினேன். ஒருநாள் பலா மரத்து வேர் ஒன்றின் மேல் ஏறி இறங்கியதும், என்னைப் பெரிய வீராங்கனையாகவே நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

அந்த ட்ரையல்ஸ் பைக்குக்கு சீட் கிடையாது. (அம்மா அதை முதல்முதல் பார்த்தபோது, சீட்டைத் திருடிவிட்டார்களா என்று விசாரித்தார்.) நின்றுகொண்டே, நடக்கிற வேகத்தில் பாறை ஏறுவதற்கான வண்டி அது. அவ்வளவு மெதுவாகப் போனால் காற்று பட்டு எஞ்சின் ஆறாது. அதனால் அந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடும். அதை ஒரு சின்ன ரேடியேட்டரும் ஒரு விசிறியும் சேர்ந்து ஆற்றும். வெறும் தண்ணீர் இல்லை, கூலண்ட் கலந்த பச்சைத் தண்ணீர்.

அந்த வண்டிக்குக் காய்ச்சல் வந்தது. கொஞ்ச நேரம் ஓட்டினாலே புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் குறைந்திருக்கும். ஊற்றினால் அடுத்த கிழமை மறுபடியும் குறையும். கீழே ஒரு சொட்டுகூட ஒழுகியிருக்காது.

நான் வைத்தியத்தைத் தொடங்கினேன். ரேடியேட்டர் இடுக்கில் சேறு அடைத்திருக்கும் என்று அப்பாவின் பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். சூடு ஏறினதும் விசிறியைப் போட்டுவிடுகிற சுவிட்ச் பழுது என்று சந்தேகப்பட்டு, அதைக் கழற்றி, அம்மா பால் காய்ச்சுகிற சட்டியில் வேகவைத்துச் சோதித்தேன். சுவிட்ச் நன்றாக இருந்தது. (சட்டியை அம்மா அதன்பிறகு கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கொடுத்துவிட்டார்.) மூடியை மாற்றினேன். எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டருக்குள் குமிழி வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. புகையை மோந்து பார்த்து இருமினேன்.

கியர் எண்ணெய் மட்டும் குறையவே இல்லை. எஞ்சினின் பக்கவாட்டில் அதைப் பார்ப்பதற்கென்று சின்னதாக ஒரு கண்ணாடி இருக்கிறது. அதில் எண்ணெய் மட்டம் முன்பைவிடக் கொஞ்சம் ஏறிக்கூட இருந்தது. நிறம்தான் ஒரு மாதிரி வெளுத்திருந்தது. கண்ணாடி அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டு, எண்ணெயை எவ்வளவு சிக்கனமாக ஓட்டுகிறேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

இப்படி இருக்கையில்தான் என்னைப் பெண் பார்க்க ரத்தோட்டையிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். என் அத்தை கொண்டுவந்த சம்பந்தம். மாப்பிள்ளை ஜெரோம் கணக்கு வாத்தியார். அவருடைய அப்பா ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்ததை யாரும் பார்த்ததில்லை என்று அத்தை முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வருவதாக ஏற்பாடு. காலைப் பூசை முடிந்து வந்ததும், அவர்கள் வருவதற்குள் ரேடியேட்டர் குழாய் ஒன்றை மாற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. (ஏன் தோன்றியது என்று அம்மா இன்றுவரை கேட்கிறார்.) கூலண்டை இறக்கப் பாத்திரம் கேட்டால் திட்டு விழும் என்பதால், வெறும் கிரீம் சோடாப் போத்தல் ஒன்றில் இறக்கி, கிணற்றடியில் வைத்தேன். எங்கள் நாட்டுக் கிரீம் சோடா பச்சை நிறம். கூலண்டும் அதே பச்சை.

பின்னேரம் மழை வரும் என்று பயந்து அவர்கள் மத்தியானத்துக்கு முன்பே வந்து இறங்கிவிட்டார்கள். கிரீஸ் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, அகப்பட்ட சேலையைச் சுற்றிக்கொண்டு நான் முன்னறைக்கு வந்தபோது, அத்தை தட்டோடு சுற்றி வந்துகொண்டிருந்தார். கிளாஸ்களில் பச்சையாக ஏதோ இருந்தது. ஜன்னல் வழியாகக் கிணற்றடியைப் பார்த்தேன். போத்தலைக் காணோம்.

கூலண்ட் குடித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்று படித்திருக்கிறேன். அது இனிக்கும் என்றும், அதனால் சந்தேகமே வராது என்றும் படித்திருக்கிறேன். மாப்பிள்ளையின் அப்பா கிளாஸை உதட்டருகே கொண்டுபோனார். நான் வாயைத் திறப்பதற்குள் கை முந்திவிட்டது. நான் அடித்த அடியில் கிளாஸ் பறந்து சுவரில் மோதியது. பச்சை முழுவதும் அவருடைய வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

"குடிக்காதீங்க, அது விஷம்" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா தன் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"விஷத்தை எதுக்குங்க கிளாஸ்ல ஊத்திக் குடுக்குறீங்க?" என்று அத்தையைக் கேட்டார். கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார்.

அம்மா குசினியிலிருந்து வந்தார். காலையில்தான் கடையில் வாங்கினது, நானே மூடியைத் திறந்தேன் என்றார். அதற்குமேல் பேசாமல் ஒரு கிளாஸை எடுத்து, திருவிருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே நின்று, ஒரே மூச்சில் குடித்தார். குடித்து முடித்து, சாகாமல், என்னைப் பார்த்தார்.

புத்தியுள்ள பெண் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போயிருப்பாள். நான், "அப்போ என் போத்தல் எங்க?" என்று கேட்டேன். எல்லோரும் மறுபடியும் தங்கள் கிளாஸைப் பார்த்தார்கள்.

மூலையில் அப்பா தொண்டையைக் கனைத்தார். விருந்தாளிகள் வருகிறார்களே என்று காலையில் கக்கூஸ் கழுவியிருக்கிறார். கிணற்றடியில் பச்சையாக ஒரு போத்தல் இருந்ததாம்.

"கழுவுற மருந்துன்னு நெனச்சேன். முழுசா ஊத்தித் தேய்ச்சேன்" என்றவர், கொஞ்சம் குறைபட்டுக்கொண்டார். "நுரையே வரல."

மாப்பிள்ளையின் அப்பாவை உள்ளே கூட்டிப்போய் அப்பாவின் சட்டையைக் கொடுத்தார்கள். அவர் ஆறடி; அப்பா என் உயரம். பொத்தான்கள் இழுத்துப் பிடிக்க, அவர் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அடுத்து தேத்தண்ணி வந்தது. இந்தத் தடவை தட்டு என் கையில். பால் தேத்தண்ணியை மாப்பிள்ளையின் அப்பா முன்னால் நீட்டினேன். நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டேன். இந்த நிறத்தை எங்கோ பார்த்திருக்கிறேன். அச்சு அசல் இதே நிறம். கியர் எண்ணெய்க் கண்ணாடியில்.

குறைந்த தண்ணீர் ஒழுகவும் இல்லை, முழுக்க ஆவியாகப் போகவும் இல்லை. எண்ணெய்க்குள் போய்க் கலந்திருக்கிறது. மட்டம் ஏறியது என் சிக்கனத்தால் இல்லை.

"எண்ணெய்" என்று சொல்லிவிட்டு, தட்டை அவர் மடியில் வைத்து (ஆமாம், மடியில்தான்), பின்பக்கம் ஓடினேன்.

கீழே குந்தி எண்ணெய் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் காலடி கேட்டது. ஜெரோம்.

"என்ன எண்ணெய்?" என்று கேட்டார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

வண்டியை நேராகப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். போல்ட் கழன்றதும் பால் தேத்தண்ணி கொட்டுகிற மாதிரி எண்ணெய் கொட்டியது, பாதி அவருடைய காற்சட்டையில். தண்ணீரை ஓட்டுகிற பம்புக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் ஒரு சின்ன ரப்பர் சீல் இருக்கிறது, அது தேய்ந்துவிட்டது, அந்த வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "அப்போ அந்தச் சுவிட்சை எதுக்கு வேகவச்சீங்க?" என்றார். அம்மா உள்ளே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தினார். அத்தை போனையே எடுக்கவில்லை. ஜெரோம் வண்டியைப் பிடித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடம் சொல்ல? கண்டியிலிருந்து சீலை வரவழைத்து மாட்டினேன். வண்டி கொதிப்பதை நிறுத்தியது. எனக்குத்தான் நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தது.

ஒரு கிழமை கழித்து அத்தை நேரில் வந்தார். மாப்பிள்ளையின் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்: "முன்னப்பின்ன தெரியாத மனுசன் செத்துறக்கூடாதுன்னு அந்தப் புள்ள கை நீட்டுச்சு. மரியாதை பார்த்துக்கிட்டு நின்னிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்." ஜெரோமின் அம்மா கொடுத்த காரணம் அதைவிடச் சுருக்கம். ஆம்பிளை கக்கூஸ் கழுவுகிற வீட்டில் வளர்ந்த பெண், விசாரிக்க வேறொன்றும் இல்லை என்றாராம்.

கல்யாண விருந்தில் வைன் கிளாஸை எடுத்த மாமனார், குடிக்காமல் என் பக்கம் திரும்பி, புருவத்தை உயர்த்தினார். நான் தலையாட்டிய பிறகுதான் குடித்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்ததை ரத்தோட்டை பார்த்தது என்பார்கள். அதிலிருந்து அந்தக் குடும்பத்தில் இது ஒரு வழக்கமாகிவிட்டது. நத்தார்ப் பண்டிகையாக இருக்கட்டும், ஞானஸ்நானமாக இருக்கட்டும், கிளாஸை எடுத்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக் காத்திருப்பார்கள். ஏன் என்று தெரியாத சின்னப் பிள்ளைகள்கூடப் பால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நான் தலையாட்டாமல் அந்த வீட்டில் ஒருவருக்கும் தாகம் தீராது.